நோயாளியை விசாரிக்கிறோம்; பராமரிப்பவரை விசாரிக்கிறோமா?

 



நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்கு ஆற்ற வேண்டிய கடமைகளுள் ஒன்று என்பதை நாம் அறிவோம். அல்ஹம்துலில்லாஹ், இந்த ஸுன்னத் நமது ஊர்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒருவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார் என்ற செய்தி பரவினால், அன்று மாலையே உறவினரும் அயலவரும் அவரது கட்டிலைச் சூழ்ந்து விடுகின்றனர். ஆயினும், அந்த நோய் ஒரு வாரத்தில் தணியும் காய்ச்சலாகவோ ஓரிரு மாதங்களில் பொருந்தும் எலும்பு முறிவாகவோ இல்லாமல், பத்து, இருபது ஆண்டுகள் நீடிக்கும் நோயாக இருந்தால் நிலைமை வேறு. முதல் மாதம் நிறைந்திருந்த வீடு மெல்ல மெல்ல வெறுமையாகிறது. இறுதியில் அங்கே எஞ்சுவோர் இருவரே. ஒருவர் நோயாளி, மற்றவர் அவரைப் பராமரிப்பவர். அந்த இரண்டாமவரைப் பற்றிச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீடித்த நரம்பு நோய்கள் பல உள்ளன. அவற்றுள் நமது வீடுகளிலும் காணப்படுகின்ற பாக்கின்சன் நோயை இங்கு உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

நோயை அறிந்துகொள்வோம்

1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பாக்கின்சன் என்னும் லண்டன் நகர வைத்தியர் இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினார். அவரது பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. நடுக்குவாதம் என்றும் இதனைக் கூறுவர். மூளையின் நடுப்பகுதியிலுள்ள சில நரம்புக் கலங்கள் டோபமைன் எனும் இரசாயனப் பொருளைச் சுரக்கின்றன. உடலின் அசைவுகள் சீராக நடைபெற இப்பொருள் இன்றியமையாதது. அக்கலங்கள் சிறிது சிறிதாக அழிவதனாலேயே இந்நோய் ஏற்படுகிறது. கைநடுக்கம் வெளியே தெரிய ஆரம்பிக்கும்போது அக்கலங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே அழிந்து போயிருக்கும்.

நடுக்கம் மட்டுமே இந்நோய் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அசைவுகள் மந்தமாதல், தசைகள் விறைத்தல், உடல் சமநிலை தவறி விழுதல், எழுத்து சிறுத்துப் போதல், குரல் தாழ்தல், மலச்சிக்கல், மனச்சோர்வு, தூக்கத்தில் கூச்சலிட்டுக் கைகால்களை வீசுதல் ஆகியனவும் இதனோடு சேர்ந்தவையே. நோய் முற்றும்போது சிலருக்கு விழுங்குவது கடினமாகிறது, நினைவு மங்குகிறது, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. இது தொற்றுநோயன்று. பெரும்பாலானோருக்குப் பரம்பரையாக வருவதுமன்று. இதனை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. எனினும், 1960களின் இறுதியிலிருந்து பயன்பாட்டிலுள்ள லெவோடோபா என்னும் மருந்து நோயாளிகள் பல்லாண்டுகள் நடமாடி வாழ உதவி வருகிறது.

உலகப் புகழ் பெற்ற குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலீ அவர்களை இளைஞர்கள் அறிவீர்கள். அவருக்கு இந்நோய் இருப்பது 1984ஆம் ஆண்டில், 42ஆவது வயதில் கண்டறியப்பட்டது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் விழாவில் நடுங்கும் கரத்தால் அவர் தீபமேற்றியதை உலகமே பார்த்தது. 2016 ஜூன் 3ஆம் திகதி 74ஆவது வயதில் வபாத்தாகும் வரை, 32 ஆண்டுகள் அவர் இந்நோயோடு வாழ்ந்தார். உலகம் அவரது துணிவைப் பேசியது, அது நியாயமே. ஆனால் அவருக்கு மருந்து கொடுத்து, உணவூட்டி, பயணங்களில் உடனிருந்து, அவரது தாழ்ந்த குரலைப் பிறருக்கு விளக்கிச் சொன்னவர் 1986இல் அவரை மணந்த மனைவி லோனி அவர்கள். செல்வமும் புகழும் நிறைந்த அந்த வீட்டிலும் ஒருவர் தனித்து அப்பணியைச் சுமக்க முடியவில்லை. லோனியின் சகோதரியும் அதில் தோள் கொடுத்தார். அவ்வாறாயின், வருமானம் குறைந்த நமது வீடுகளில் ஒரு மகள் மாத்திரம் எவ்வாறு தனியாகச் சுமப்பாள்?

பராமரிப்பவரின் ஒரு நாள்

கிழக்கு மாகாணத்தில் பெற்றோர் மகளின் வீட்டிலேயே வாழ்வது நீண்ட கால வழக்கமாகும். ஏனைய பகுதிகளில் மகனின் வீட்டில் மருமகள் அப்பொறுப்பை ஏற்கிறாள். பல வீடுகளில் முதிய மனைவியே முதிய கணவனைப் பார்க்கிறாள். யாராக இருப்பினும் அவரது நாள் இவ்வாறுதான் கழிகிறது.

காலையில் முதல் மாத்திரை. அது வேலை செய்யத் தொடங்கும் வரை வாப்பாவால் கட்டிலில் எழுந்து அமரவும் இயலாது. பின்னர் மலசலகூடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும்; வுழூ செய்விக்க வேண்டும்; சட்டைப் பொத்தானைப் பூட்ட வேண்டும். ஒரு வேளை உணவுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். நாளொன்றுக்கு நான்கு, ஐந்து முறை குறித்த நேரத்தில் மருந்து கொடுக்க வேண்டும். நோய் முற்றியவருக்கு அரை மணி நேரம் தாமதித்தாலும் உடல் மீண்டும் மரத்துப் போகலாம். புரதம் நிறைந்த உணவு அம்மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், உணவுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே அதனைக் கொடுக்குமாறு வைத்தியர்கள் கூறுவதுண்டு. எனவே சமையலையும் மருந்து நேரத்துக்கு ஏற்பவே செய்ய வேண்டியுள்ளது. இரவில் நோயாளியால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. அவரைப் புரட்டவும் சிறுநீர் கழிக்க எழுப்பவும் இரண்டு, மூன்று முறை விழிக்க வேண்டும்.

இவை உடலின் களைப்பு. உள்ளத்தின் களைப்பு இதனிலும் பெரியது. பாக்கின்சன் நோய் முகத் தசைகளையும் இறுகச் செய்கிறது. ஆகவே நோயாளி மகிழ்ந்தாலும் முகத்தில் புன்னகை தோன்றாது. நன்றி சொல்ல நினைத்தாலும் குரல் எழாது. பல ஆண்டுகள் பணிவிடை செய்யும் மகளுக்கு வாப்பாவின் முகத்திலிருந்து ஒரு சிறு புன்னகை கூடக் கிடைப்பதில்லை. வாப்பா கோபமாக இருக்கிறாரோ என்று அவள் வருந்துகிறாள். உண்மையில் அது கோபமன்று, நோயாகும். இதனை அவளுக்கு எடுத்துச் சொல்வதே ஒரு பெரிய ஆறுதலாக அமையும்.

இன்னொன்றும் உண்டு. மருந்தின் வேகத்துக்கேற்ப நோயாளியின் நிலை மணிக்கு மணி மாறுகிறது. காலை பத்து மணிக்கு முற்றத்தில் நடந்தவர் பகல் பன்னிரண்டு மணிக்கு ஓரடி எடுத்து வைக்க முடியாமல் நிற்பார். நல்ல நேரத்தில் வந்து பார்த்த உறவினர், “இவருக்கு ஒன்றும் இல்லையே, மகள்தான் மிகைப்படுத்துகிறாள்” என்கிறார். கெட்ட நேரத்தில் வந்தவர், “வாப்பாவைச் சரியாகப் பார்க்கவில்லை” என்கிறார். இரண்டு பழியும் ஒரே பெண்ணின் தலையில் விழுகின்றன. நோய் முற்றி மனம் குழம்பும்போது நோயாளியே தன்னைப் பராமரிப்பவரைச் சந்தேகிப்பதும், பணத்தைத் திருடியதாகக் குற்றம் சாட்டுவதும் நிகழ்வதுண்டு. அதைக் கேட்டு நம்பிவிடும் உறவினர்களும் உள்ளனர்.

பத்ருக்குச் செல்லாமல் பத்ரின் பங்கைப் பெற்றவர்

சகோதரர்களே! ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போர் நடைபெற்றது. இஸ்லாமிய வரலாற்றில் பத்ரில் கலந்துகொண்ட ஸஹாபாக்களுக்குரிய அந்தஸ்து தனியானது. அவ்வேளையில் நபி (ஸல்) அவர்களின் மகளும் உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவியுமான ருகையா (ரலி) அவர்கள் கடுமையாக நோயுற்றிருந்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவிலேயே தங்கி மனைவியைப் பராமரித்தார்கள். போர்க்களத்தை அவர்கள் காணவில்லை. எனினும் பத்ரில் கலந்துகொண்ட ஒருவருக்குரிய நற்கூலியும் கனீமத்தின் பங்கும் அவர்களுக்கு உண்டென நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். பிற்காலத்தில் எகிப்திலிருந்து வந்த ஒருவர், உஸ்மான் (ரலி) பத்ருக்கு வரவில்லையே என்று குறை கூறியபோது, இப்னு உமர் (ரலி) அவர்கள் இந்தக் காரணத்தை எடுத்துரைத்து அவரைத் திருத்தினார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை என்ன? நோயாளியின் கட்டிலருகே இருப்பவர் எதையும் தவற விட்டவரல்லர். அவரும் ஒரு களத்திலேதான் நிற்கிறார். அவரது பங்கை நபி (ஸல்) அவர்கள் பறிக்கவில்லை, கொடுத்தார்கள். இன்று நாமோ, திருமண வீட்டுக்கு வரவில்லை, பயானுக்கு வரவில்லை, உறவைப் பேணவில்லை என்று அவரைக் குறை கூறுகிறோம்.

மார்க்கம் தந்த சலுகைகள்

பராமரிப்பவர்கள் பலர் குற்ற உணர்வோடு வாழ்கின்றனர். மார்க்கம் எளிதாக்கியதை அறியாததே அதற்கு ஒரு காரணமாகும். வேறு யாரும் இல்லாத நோயாளியைத் தனியாக விட்டுச் செல்ல முடியாதவருக்கு ஜுமுஆவையும் ஜமாஅத்தையும் விடுவதற்கு அனுமதியுண்டு என ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன. ஒரு வெள்ளிக்கிழமை ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் நோயுற்ற செய்தி கேட்டு, ஜுமுஆ நேரம் நெருங்கியிருந்தும் அதனை விட்டு அவரிடம் சென்றவர் இப்னு உமர் (ரலி) அவர்களே.

நோயாளி நின்று தொழ முடியாவிட்டால் அமர்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம். குணமடையும் நம்பிக்கையற்ற நோயினால் நோன்பு நோற்க முடியாதவர் ஒரு நாளுக்கு ஒரு முத்து வீதம் தானியத்தைப் பித்யாவாகக் கொடுத்தால் போதுமானது. பகல் முழுவதும் மருந்தை நிறுத்தி நோன்பு நோற்க வைப்பது இந்நோயாளிக்கு ஆபத்தாகும். இம்மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே தீங்காக முடியலாம். இவ்விடயங்களில் வைத்தியரிடமும் உங்கள் ஊர் ஆலிமிடமும் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இல்லாத உருவங்களைக் காண்பதாக வாப்பா கூறினால், ஜின்னின் கோளாறு, சூனியம் என்று ஊரூராக அலைந்து பணத்தை இழக்காதீர்கள். குர்ஆன் ஓதுங்கள், துஆச் செய்யுங்கள். ஆனால் மருந்தை நிறுத்தாதீர்கள். அது நோயினாலோ மருந்தின் அளவினாலோ வரக்கூடியது. வைத்தியரிடம் சொன்னால் மருந்தை மாற்றியமைக்க இயலும். இது அல்லாஹ்வின் தண்டனை என்று கூறி அந்தக் குடும்பத்தின் உள்ளத்தை உடைப்பதும் முஃமினுக்கு அழகல்ல. நீண்ட காலம் நோயால் சோதிக்கப்பட்டவர்களுள் அய்யூப் (அலை) என்னும் நபியும் இருந்தார்கள் என்பதை மறவாதீர்கள்.

கடமை யாருடையது?

பெற்றோர் முதுமையடைந்து நம்மிடம் இருக்கும்போது சலிப்பைக் காட்டும் ஒரு சிறு சொல்லைக் கூட அவர்களிடம் கூறலாகாது என்பது ஸூரத்துல் இஸ்ராவின் போதனையாகும். அதனை நாம் அந்தப் பராமரிக்கும் மகளுக்கு மட்டும் உபதேசிக்கிறோம். மூன்றாண்டுகளாக ஓர் இரவேனும் முழுமையாக உறங்காத ஒருவரின் வாயிலிருந்து சலிப்பான சொல் வராமலிருக்க வேண்டுமாயின், அவர் உறங்குவதற்கு யாராவது வழி செய்ய வேண்டும். அவளைத் தனியே விட்டுவிட்டு, அவள் பொறுமையிழந்ததைக் குறை கூறும் சகோதரர்கள், அந்தப் பொறுமையின்மையில் தமக்கும் பங்குண்டா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகள் அனைவரினதும் கடமையாகும். நமது நாட்டின் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பைப் பிள்ளைகள் மீதே சுமத்துகிறது. மருமகள் மாமனார், மாமியாருக்குச் செய்வது அவள் மீதுள்ள கடமையன்று. அது அவள் செய்யும் உபகாரம். ஆகவே மகன் அவளுக்கு நன்றி கூற வேண்டும். வாப்பாவைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது போன்ற அவ்ரத்தோடு தொடர்புடைய பணிகளை மகனே முன்வந்து ஏற்க வேண்டும்.

மத்திய கிழக்கில் தொழில் புரியும் சகோதரர்களே! நீங்கள் அனுப்பும் பணம் அந்த வீட்டின் மருந்துச் செலவைத் தாங்குகிறது. அல்லாஹ் அதற்குரிய கூலியைத் தருவானாக. எனினும் பணம் கடமையின் ஒரு பகுதியே. தொலைபேசியில் அழைக்கும்போது, “வாப்பாவுக்கு என்ன கொடுத்தாய், ஏன் கொடுக்கவில்லை?” என்று விசாரணை நடத்துவதற்கு முன்னர், “ராத்தா, நீங்கள் நேற்று உறங்கினீர்களா?” என்று கேளுங்கள். விடுமுறையில் வந்தால் முதல் வாரம் வாப்பாவின் அறையில் நீங்கள் படுங்கள். அந்த ஏழு இரவுகளும் சகோதரிக்கு நீங்கள் கொண்டுவரும் எந்த அன்பளிப்பை விடவும் பெறுமதி வாய்ந்தவை.

நாம் செய்யக்கூடியவை

“ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கள்” என்று கூறிவிட்டு வருவது நமது வழக்கம். சொல்லும் பழக்கம் உள்ளவர்கள் மிகக் குறைவு. ஆதலால் குறிப்பாகச் சொல்லுங்கள்.

ஒன்று: “செவ்வாய்க்கிழமை அஸர் முதல் மஃரிப் வரை நான் வாப்பாவிடம் இருக்கிறேன்” என்று கூறுங்கள். வாரத்தில் மூன்று மணி நேரம் கிடைத்தாலும் பராமரிப்பவர் உறங்கலாம், குளிக்கலாம், தனது தாயைப் பார்த்து வரலாம். இவர்களில் பலருக்குத் தமக்கே நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. நோயாளியின் கிளினிக் திகதியை மறக்காதவர்கள் தமது திகதியைத் தவற விடுகின்றனர். அவர் கிளினிக்குக்குச் செல்லும் நாளில் நீங்கள் அவ்விடத்தில் இருங்கள்.

இரண்டு: சந்திக்கச் செல்லும் முன் மருந்து வேலை செய்யும் நேரம் எதுவெனக் கேட்டுச் செல்லுங்கள். நோயாளியோடு நேராகப் பேசுங்கள். பதில் வரத் தாமதமாகும், காத்திருங்கள். அவருக்கு எல்லாம் விளங்குகிறது. திரும்பும்போது பராமரிப்பவரைத் தனியே கண்டு, அவரது நலத்தையும் கேளுங்கள். அறிவுரை கூற அவசரப்படாதீர்கள்.

மூன்று: உதவச் செல்பவர்கள் சில விடயங்களைக் கற்றுக்கொள்ளுங்கள். நடந்துகொண்டிருக்கும் நோயாளியின் கால்கள் திடீரெனத் தரையில் ஒட்டியது போல் நின்றுவிட்டால், கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். சற்று நிறுத்தி, ஒன்று, இரண்டு என எண்ணி, தரையிலுள்ள ஒரு கோட்டைத் தாண்டச் சொல்லுங்கள். பலருக்குக் கால் அசையும். உணவூட்டும்போது நிமிர்ந்து அமரச் செய்து, சிறு சிறு கவளமாகக் கொடுங்கள். உண்ணும்போது அடிக்கடி இருமினால் வைத்தியரிடம் கூற வேண்டும். உணவு சுவாசப்பைக்குள் செல்வது இந்நோயாளிகளுக்குப் பெரும் ஆபத்தாகும். அவர் விழுந்தால் தனியாகத் தூக்க முயலாமல் இருவராகத் தூக்குங்கள். காயம் இருப்பின் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வண்டி வரும். வேறு நோய்க்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால் பாக்கின்சன் நோய் இருப்பதை முதலில் கூறுங்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட் போன்ற சில மருந்துகள் இந்நோயை மோசமாக்கக் கூடியவை.

நான்கு: பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவைகள் உத்தியோகத்தரைச் சந்தித்து, கிடைக்கக்கூடிய உதவிகளைக் கேட்டறியுங்கள். வீட்டை விட்டு நகர முடியாத பராமரிப்பவருக்காக ஒரு படித்த இளைஞன் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது எவ்வளவு பெரிய ஸதகா!

பள்ளிவாசல்களின் பங்கு

நமது ஊர்களில் ஜனாஸா நலன்புரிச் சங்கங்கள் சிறப்பாக இயங்குகின்றன. ஒரு மரணச் செய்தி ஒலிபெருக்கியில் கேட்டால், ஒரு மணி நேரத்துக்குள் கபுறு வெட்ட ஆட்களும், கபன் துணியும், சந்தூக்கும் தயாராகிவிடுகின்றன. மரண வீட்டாருக்கு அயலவர் உணவு அனுப்புகின்றனர். ஜஃபர் (ரலி) அவர்கள் மூஃதாவில் ஷஹீதானபோது, அவரது குடும்பத்தாரை வேறு கவலை ஆட்கொண்டிருக்கிறது என்ற காரணத்தைக் கூறி, அவர்களுக்கு உணவு சமைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அந்தக் காரணம் நீண்ட கால நோயாளியின் வீட்டிலும் இருக்கிறதல்லவா? வாப்பா மௌத்தான பின்னர் மூன்று நாட்களுக்கு வரும் சோற்றுச் சட்டி, அவர் உயிரோடிருக்கும்போது மாதத்தில் மூன்று நாட்களாவது அந்த வீட்டுக்கு வந்தால் என்ன?

ஒவ்வொரு பள்ளிவாசல் நிருவாகமும் தமது மஹல்லாவில் படுக்கையிலுள்ள நோயாளிகளின் பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பராமரிப்பவரின் பெயரையும் எழுதட்டும். சக்கர நாற்காலி, கைப்பிடி உள்ள நடைச்சட்டம், மலசலத்துக்கான நாற்காலி ஆகியவற்றை வாங்கி வைத்து, தேவைப்படுவோருக்கு இரவல் கொடுக்கட்டும். கைவிட்ட பொருட்கள் பல வீடுகளில் தூசி படிந்து கிடக்கின்றன; அவற்றைச் சேகரித்தாலே ஆரம்பிக்க முடியும்.

பராமரிப்பவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை

ஸல்மான் (ரலி) அவர்கள் தமது சகோதரர் அபூதர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குச் சென்றபோது, அவர் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருப்பதைக் கண்டார்கள். அவரை உண்ணச் செய்து, இரவில் உறங்கச் செய்து, இறைவனுக்கு இருப்பது போலவே உமது உடலுக்கும் குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு என்ற கருத்தை விளக்கினார்கள். நபி (ஸல்) அவர்களும் அதனை உண்மைப்படுத்தினார்கள். வணக்கத்திலேயே உடலின் உரிமையைப் பேண வேண்டுமாயின், பணிவிடையிலும் அவ்வாறே. உதவி கேட்பது பொறுமைக்கு முரணானதன்று. ஓய்வெடுப்பது பெற்றோருக்குச் செய்யும் துரோகமுமன்று. உறக்கமின்றியும், அடிக்கடி அழுகை வந்தும், வாழ்க்கையில் எதிலும் பிடிப்பில்லாமலும் நாட்கள் கழியுமாயின், உங்களையே ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். நீங்கள் விழுந்துவிட்டால் அந்த வீட்டில் இருவர் விழுந்துவிடுவீர்கள்.

அன்புக்குரியவர்களே! இந்த வாரம் உங்கள் தெருவில் அப்படியொரு வீடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாசலில் நின்று, நோயாளியின் பெயரோடு பராமரிப்பவரின் பெயரையும் சொல்லி நலம் கேளுங்கள். பிறகு ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் குறித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த நேரத்தில் தவறாமல் போய் நில்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு ஆபியத்தைத் தருவாயாக. அவர்களுக்காக விழித்திருக்கும் கண்களுக்கு ஓய்வையும், உழைக்கும் கரங்களுக்கு வலிமையையும் தருவாயாக. அவர்களின் சுமையைப் பங்கிடும் உள்ளத்தை எங்களுக்கும் தந்தருள்வாயாக. ஆமீன்.